முதுமைப் பராமரிப்பும் பொது நிதியும்: இங்கிலாந்தின் நடைமுறை பற்றிய ஒரு விளக்கம்

முன்னுரை

சட்டத்தில் இடம்பெறும் சொற்களுள் சில, அகராதியில் காணும்போது மிக எளியனவாகத் தோன்றும். அவையே நடைமுறைக்கு வரும்போது, ஒரு குடும்பத்தின் வீட்டையும் வாழ்நாள் சேமிப்பையும் முடிவு செய்யும் வலிமை பெற்றுவிடும். இங்கிலாந்து நாட்டின் சட்டத்தில் ‘மருத்துவம்’, ‘பராமரிப்பு’ என்னும் இரு சொற்கள் அத்தகையன. முதிர்ந்த ஒருவருக்குத் தேவைப்படுவது மருத்துவம் என்று முடிவானால் செலவு முழுவதையும் அரசு ஏற்கும். அவருக்குத் தேவைப்படுவது பராமரிப்பு என்று முடிவானால், அவரிடம் எவ்வளவு சொத்து இருக்கிறது என்ற கேள்வி எழும். இந்த இரு சொற்களுக்கும் இடையே கிழிக்கப்பட்ட கோடு எவ்வாறு தோன்றியது, இன்று எவ்வாறு செயற்படுகிறது, அதனால் விளைவது என்ன என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அயல்நாட்டுச் சட்டம் ஒன்றைத் தமிழ் மாணவர் அறிவதால் பயன் யாது என்று சிலர் வினவலாம். 1983ஆம் ஆண்டுக் கலவரத்தை அடுத்து இலங்கையிலிருந்து பிரித்தானியாவுக்குப் புலம்பெயர்ந்த தமிழர் பலர் இன்று முதுமையை எட்டியுள்ளனர். அந்நாட்டுப் பராமரிப்பு இல்லங்களில் பணிபுரியும் செவிலியருள்ளும் பணியாளருள்ளும் தென்னிந்தியர் பலர் உள்ளனர். பராமரிப்புப் பணியாளர்க்கென 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்ட விசா வழி, புதிதாக வெளிநாட்டிலிருந்து வருவோர்க்கு 2025 ஜூலையில் அடைக்கப்பட்டது. ஆகவே, கட்டிலில் படுத்திருப்பவராகவும் அருகில் நின்று பணி செய்பவராகவும் நம்மவர் அங்கே இருக்கின்றனர். இம்முறையைப் பற்றிய அறிவு அவர்தம் குடும்பங்களுக்கு நேரடியாகவே தேவைப்படுகிறது.

இருவகை இல்லங்கள்

முதியோர் தங்கும் இல்லங்கள் இங்கிலாந்தில் இருவகைப்படும். தங்குமிடம், உணவு, குளித்தல், உடுத்தல், நடமாடுதல் போன்ற அன்றாடச் செயல்களுக்கு உதவி ஆகியவற்றை வழங்குவது உறைவிடப் பராமரிப்பு இல்லம். இவற்றோடு, பதிவு பெற்ற செவிலியர் இரவும் பகலும் பணியில் இருக்கும் இல்லம் செவிலியர் இல்லம். இவ்விருவகையும் பராமரிப்புத் தர ஆணையம் என்னும் அமைப்பின் கண்காணிப்பில் இயங்குகின்றன. இவ்வில்லங்களில் பெரும்பாலானவை தனியாரால் நடத்தப்படுவன. அறக்கட்டளைகளும் உள்ளாட்சி மன்றங்களும் நடத்துவன சிலவே. அரசு நிதி என்று நாம் கூறுவது பெரும்பாலும் அரசு தானே இல்லம் நடத்தச் செலவிடும் பணமன்று. தனியார் இல்லத்தில் தங்குவோர்க்காக அரசு செலுத்தும் கட்டணமே என்பதை முதற்கண் மனத்திற் கொள்ளவேண்டும்.

ஒரே நாளில் நடைமுறைக்கு வந்த இரு சட்டங்கள்

இன்றைய முறையின் வேர் 1948ஆம் ஆண்டில் உள்ளது. அதற்கு முன்னர், 1601ஆம் ஆண்டின் வறியோர் சட்டமும் 1834ஆம் ஆண்டில் அது பெற்ற திருத்தமும் ஆட்சி செய்தன. ஆதரவற்ற முதியோர் ‘பணி இல்லம்’ எனப்பட்ட கடுமையான விடுதிகளில் அடைக்கலம் புகுந்தனர். அங்குச் செல்வதை மக்கள் பெரும் மானக்கேடாகக் கருதினர்.

1948 ஜூலை 5ஆம் நாள் இந்நிலை மாறியது. அன்று இரு சட்டங்கள் ஒருசேர நடைமுறைக்கு வந்தன. ஒன்றன்வழித் தேசிய சுகாதார சேவை பிறந்தது. அது நோயுற்றோர் அனைவர்க்கும் கட்டணமின்றி மருத்துவம் அளிப்பது. மற்றொன்று தேசிய உதவிச் சட்டம். அது பழைய வறியோர் சட்டத்தை ஒழித்து, முதுமையாலோ உடற்குறையாலோ கவனிப்பு வேண்டுவோர்க்குத் தங்குமிடம் அளிக்கும் கடமையை உள்ளாட்சி மன்றங்கள்மீது சுமத்தியது. ஆனால் இங்குக் கட்டணம் உண்டு. அது அவரவர் வசதிக்கேற்ப அமையும். இவ்விரண்டிற்கும் பொறுப்பாயிருந்த அமைச்சர் அனுரின் பெவன். முதியோர் விடுதிகள் பழைய பணி இல்லங்களைப்போல் இல்லாது, விருந்தினர் பணம் செலுத்தித் தங்கும் விடுதிகளைப்போல் அமைய வேண்டும் என்பது அவர் கண்ட கனவு. இலவசம் என்பது இரவலாகிவிடக் கூடாது என்ற நல்லெண்ணமே அதன் அடிப்படை எனலாம்.

அக்காலத்தில் இப்பிரிவினையால் பெருந்தொல்லை எழவில்லை. நெடுநாள் படுக்கையில் கிடக்கும் முதியோர் பலரை மருத்துவமனைகளே வைத்துப் பேணின. பின்னர் மருத்துவமனைகள் நெடுங்காலப் படுக்கைகளைப் படிப்படியாகக் குறைத்தன. 1980களில் தனியார் இல்லங்கள் பெருகின. அவற்றில் தங்கிய வறியோர்க்குச் சமூகப் பாதுகாப்புத் துறை, தேவையை ஆராயாமலே கட்டணம் செலுத்தி வந்தது. 1979இல் ஏறத்தாழ ஒரு கோடிப் பவுண்டாக இருந்த இச்செலவு, 1990களின் தொடக்கத்தில் 200 கோடிப் பவுண்டைக் கடந்தது. இதனை ஆராய்ந்த சர் ராய் கிரிஃபித்ஸ் 1988இல் அளித்த அறிக்கையின் வழியாக 1990ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. 1993 ஏப்ரல் முதல் தேவையை ஆராய்வதும் பணம் செலுத்துவதும் உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பாயின. மருத்துவமனைப் படுக்கையில் கட்டணமின்றி இருந்திருக்கக்கூடியவர், இல்லத்திற்கு மாறியதும் கட்டணம் செலுத்துபவராயினார். அவருடைய உடல்நிலை மாறவில்லை. இருக்குமிடமும், அதனோடு சேர்ந்து பெயருமே மாறின.

முதல் வாயில்: மருத்துவத் தேவை

இன்று ஒருவர் இல்லத்தில் சேரும் நிலை வரும்போது, முறைப்படி முதலில் கேட்கப்படவேண்டிய கேள்வி, ‘இவருடைய தேவை முதன்மையாக மருத்துவத் தேவையா?’ என்பதாகும். ஆம் என்ற விடை கிடைப்பின், ‘தொடர் மருத்துவப் பராமரிப்பு’ என்ற பெயரில் தேசிய சுகாதார சேவையே முழுச் செலவையும் ஏற்கிறது. தங்குமிடம், உணவு ஆகியவற்றின் கட்டணமும் அதனுள் அடங்கும். இங்கு வசதிச் சோதனை கிடையாது. கோடீசுவரர்க்கும் வறியவர்க்கும் விதி ஒன்றே.

இம்முடிவை எட்டும் முறை பின்வருமாறு. முதலில் ஒரு சிறு சோதனைப் பட்டியல் நிரப்பப்படும். அதில் தேறினால், மருத்துவத் துறையினரும் சமூகப் பணித் துறையினரும் அடங்கிய குழு முழு மதிப்பீடு செய்யும். மூச்சு, உணவு, கழிவுக் கட்டுப்பாடு, தோல், நடமாட்டம், பேச்சுத் தொடர்பு, உளநிலை, அறிவுத்திறன், நடத்தை, மருந்து, நினைவிழப்பு நிலைகள், பிற தேவைகள் எனப் பன்னிரண்டு தலைப்புகளின் கீழ் அவர் நிலை ஆராயப்படும். ஒவ்வொன்றிற்கும் தேவையின் கடுமை குறிக்கப்படும். மிக உயர்ந்த படிநிலை ஒரு தலைப்பில் அமைந்தாலோ, அதற்கு அடுத்த கடும் படிநிலை இரு தலைப்புகளில் அமைந்தாலோ நிதி பெறும் தகுதி உண்டு எனப் பரிந்துரைப்பது வழக்கம். ஏனைய நிலைகளில் தேவையின் தன்மை, செறிவு, சிக்கல், முன்னறிய இயலாமை என்னும் நான்கையும் ஒருங்கே வைத்து முடிவெடுப்பர். உடல்நிலை விரைந்து சரிந்து இறுதிக் கட்டத்தை நெருங்குவோர்க்கு இத்தனை படிகள் இல்லை. அவர்க்கென விரைவு வழி ஒன்று உண்டு. 2022 ஜூலை முதல் இப்பொறுப்பு, வட்டாரந்தோறும் அமைந்த ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியங்களிடம் உள்ளது.

இக்கோட்டை நீதிமன்றம் ஆராய்ந்த வழக்குகளுள் தலையாயது பமீலா காஃப்லன் வழக்கு. 1971இல் சாலை விபத்தில் கை கால்கள் செயலிழந்த இவ்வம்மையார், 1993இல் எக்ஸிட்டர் நகரத்தின் மார்டன் இல்லத்திற்கு மாற்றப்பட்டார். விரும்பும் வரையில் அங்கு வாழலாம் என்று அவர்க்கு வாக்குறுதி அளிக்கப்பட்டிருந்தது. 1998இல் அவ்வில்லத்தை மூட அதிகாரிகள் முடிவு செய்தபோது அவர் வழக்குத் தொடுத்தார். 1999 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. செவிலியர் பணி, தங்குமிடத்தோடு ஒட்டி வரும் சிறு துணையாக மட்டும் இருந்து, சமூகப் பணி செய்யும் அமைப்பிடம் எதிர்பார்க்கத்தக்க தன்மையினதாகவும் இருந்தால்தான் உள்ளாட்சி மன்றம் அதனை அளிக்கலாம்; அவ்வளவையோ தன்மையையோ மீறினால் அது சுகாதார சேவையின் பொறுப்பே என்று நீதிமன்றம் வரையறுத்தது. அதன் பின்னரும் வட்டாரத்திற்கு வட்டாரம் அளவுகோல் வேறுபட்டமையால், 2007 அக்டோபரில் நாடு முழுமைக்குமான பொது நெறிமுறை கொண்டுவரப்பட்டது.

நெறிமுறை ஒருபுறம் இருக்க, நடைமுறையில் மறதி நோயால் வாடும் முதியோரின் குடும்பங்களே இவ்வாயிலில் பெரிதும் ஏமாற்றம் அடைகின்றன. நோயின் பெயர் முடிவைத் தீர்மானிக்காது, தேவையே தீர்மானிக்கும் என்பது விதி. புற்றுநோய்க்கு மருத்துவமனை தரும் சிகிச்சை இலவசம். மறதி நோயாளிக்கோ மருந்தினும் மிகுதியாகத் தேவைப்படுவது, ஊட்டிவிடவும் உடுத்திவிடவும் வழிதவறாமல் காக்கவும் ஒருவர் உடனிருப்பதே. அது பராமரிப்பு எனப்படுவதால், மூளையைத் தாக்கிய நோயாலேயே அத்தேவை எழுந்தது என்றாலும் கட்டணத்திற்குரியதாகிவிடுகிறது.

தகுதி இல்லை என்ற முடிவை ஏற்காதவர், முதலில் வாரியத்திடமே மறுஆய்வு கோரலாம்; பின்னர்ச் சுகாதார சேவையின் தனிக்குழுவிடமும், இறுதியாகக் குறைகேள் அதிகாரியிடமும் முறையிடலாம். கிடைத்த நிதியும் நிலையானதன்று. மூன்று மாதத்திற்குப் பின்னும், அதன்பின் ஆண்டுதோறும் நிலை ஆராயப்படும். தேவை மாறியிருப்பின் நிதி நிறுத்தப்படலாம்.

செவிலியர் பணிக்கான பங்கு

முதல் வாயிலில் தகுதி பெறாத ஒருவர் செவிலியர் இல்லத்தில் தங்கினால், அவர்க்கு ஒரு சிறு துணை உண்டு. பதிவு பெற்ற செவிலியர் ஆற்றும் பணிக்கான பகுதியை மட்டும் சுகாதார சேவை நேரே இல்லத்திற்குச் செலுத்துகிறது. 2001 அக்டோபரில் தொடங்கிய இத்தொகை 2025-26ஆம் ஆண்டில் வாரத்திற்கு 254.06 பவுண்டாக இருந்தது. இதற்கும் வசதிச் சோதனை இல்லை. செவிலியர் ஊசி போட்டால் அது பொதுச் செலவு. பணிப்பெண் உணவு ஊட்டினால் அது தம் செலவு என்று இதன் சாரத்தைக் கூறலாம்.

மனநலச் சட்டத்தின் சில பிரிவுகளின்படி மருத்துவமனையில் கட்டாயமாக வைக்கப்பட்டு வெளிவருவோர்க்கு, அச்சட்டத்தின் 117ஆம் பிரிவு பிற்காலப் பராமரிப்பைக் கட்டணமின்றி அளிக்கிறது. பலர் அறியாத இவ்விதி இங்குக் குறிப்பிடத்தக்கது.

இரண்டாம் வாயில்: வசதிச் சோதனை

மருத்துவத் தேவை அன்று என முடிவான பின் வருவது உள்ளாட்சி மன்றத்தின் வாயில். 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் இதனை ஆள்கிறது. கவனிப்புத் தேவைப்படுவதாகத் தோன்றும் எவரையும், அவர் செல்வரா வறியரா என்று பாராமல், மன்றம் மதிப்பீடு செய்தே தீரவேண்டும். தேவை உறுதியான பின்னரே பணத்தைப் பற்றிய ஆய்வு தொடங்கும்.

இங்கிலாந்தில் இதற்கு இரு எல்லைகள் உள்ளன. மேல் எல்லை 23,250 பவுண்டு; கீழ் எல்லை 14,250 பவுண்டு. மேல் எல்லைக்கு மேல் சொத்து உள்ளவர் முழுக் கட்டணத்தையும் தாமே செலுத்தவேண்டும். கீழ் எல்லைக்குக் கீழே உள்ளவரின் சேமிப்பு தொடப்படாது. வருமானம் மட்டும் கணக்கில் வரும். இரண்டிற்கும் இடைப்பட்டவர்க்குக் கீழ் எல்லைக்கு மேற்பட்ட ஒவ்வொரு 250 பவுண்டும் வாரம் ஒரு பவுண்டு வருமானம் தருவதாகக் கொள்ளப்படும். 2010இல் அமைந்த இவ்வெல்லைகள் 2025-26ஆம் ஆண்டிலும் அப்படியே இருந்தன. விலைவாசி உயர எல்லை உயராதிருந்தமையால், ஆண்டுதோறும் உதவியின் வாயில் சொல்லாமலே குறுகி வந்தது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். சொந்த வீடில்லாத முதியவர் ஒருவரிடம் 20,000 பவுண்டு சேமிப்பும், வாரம் 250 பவுண்டு ஓய்வூதியமும் இருப்பதாகக் கொள்வோம். மன்றம் ஒப்புக்கொண்ட இல்லக் கட்டணம் வாரம் 900 பவுண்டு எனக் கொள்வோம். அவர் சேமிப்பு கீழ் எல்லையை 5,750 பவுண்டு மிஞ்சுகிறது. அதனை 250ஆல் வகுக்க வாரம் 23 பவுண்டு வருகிறது. ஓய்வூதியத்தோடு கூட்ட 273 பவுண்டு. இதிலிருந்து கைச்செலவுக்கென விடப்படும் தொகையைக் கழிக்கவேண்டும். 2025-26இல் அது 30.65 பவுண்டு. எஞ்சிய 242.35 பவுண்டை முதியவர் செலுத்துவார், மீதி 657.65 பவுண்டை மன்றம் செலுத்தும். உழைத்துப் பெற்ற ஓய்வூதியத்தில் அவர் கையில் நிற்பது, முடி திருத்தவும் பேரப்பிள்ளைக்குப் பரிசு வாங்கவும் துணி எடுக்கவும் உரிய அந்த முப்பது பவுண்டே.

கணவன் மனைவியருள் ஒருவர் மட்டும் இல்லம் சேர்ந்தால், அவருடைய பணம் மட்டுமே கணக்கிடப்படும். இணையரின் தனிச் சேமிப்பை மன்றம் கேட்கலாகாது. தம் பணியோய்வூதியத்தில் பாதியை வீட்டிலிருக்கும் கணவர்க்கோ மனைவிக்கோ கொடுத்தால் அப்பாதியும் கணக்கில் வராது. பிள்ளைகளைக் கட்டணம் செலுத்துமாறு சட்டம் வற்புறுத்துவதில்லை. மகனோ மகளோ கையொப்பமிட்டுத் தாமே பொறுப்பேற்றாலன்றி அவர்களுக்குக் கடப்பாடு இல்லை. நம் குடும்பங்கள் இதனை அறியாது, இல்லத்தில் நீட்டப்படும் தாளில் கையொப்பமிட்டுவிடுதல் கூடும்.

வீடு என்னும் சொத்து

பலர்க்கு உள்ள ஒரே பெருஞ்சொத்து வீடு. வீட்டிலேயே இருந்து கவனிப்புப் பெறுவோர்க்கு அவர் வசிக்கும் வீடு கணக்கில் சேராது. இல்லத்தில் நிலையாகச் சேர்ந்தவுடன் நிலைமை மாறும். முதல் பன்னிரண்டு வாரம் வீடு விலக்கப்படும். அதன்பின் அதன் மதிப்பு சொத்தாகக் கொள்ளப்படும். கணவரோ மனைவியோ வாழ்க்கைத் துணையோ, அறுபது வயதை எட்டிய உறவினரோ, உடற்குறையுடைய உறவினரோ, பதினெட்டு வயது நிரம்பாத அவருடைய பிள்ளையோ அவ்வீட்டில் தொடர்ந்து வசித்தால் விலக்கு நீடிக்கும். வேலையையும் தம் வீட்டையும் விட்டு வந்து பெற்றோரைப் பேணிய மகள் அங்கே வசிப்பின், அவள் வயதில் குறைந்தவளாயினும் மன்றம் தன் விருப்புரிமைப்படி விலக்களிக்கலாம்.

தனித்து வாழ்ந்த மூதாட்டி ஒருவர்க்கு 3,00,000 பவுண்டு மதிப்புள்ள வீடு இருப்பதாகக் கொள்வோம். இல்லக் கட்டணம் வாரம் 1,000 பவுண்டு எனின், ஆண்டுக்கு 52,000; ஐந்தாண்டில் 2,60,000 பவுண்டு. ஓய்வூதியம் ஒரு பகுதியை ஈடுசெய்யினும், வீட்டின் பெரும்பகுதி கரைந்துபோகும். அதே தெருவில் அதே விலை வீட்டில் வாழ்ந்து, மருத்துவமனையில் இதய நோய்க்குச் சிகிச்சை பெற்று மறைந்த அண்டை வீட்டாரின் பிள்ளைகள் வீட்டை முழுமையாகப் பெறுவர். இருவரும் வாழ்நாள் முழுதும் ஒரேவகையில் வரி செலுத்தியவர்களே. அந்நாட்டில் இம்முறைபற்றி எழும் மனக்குறையின் மையம் இதுவே.

உயிரோடிருக்கும்போதே வீட்டை விற்கும் நிலையைத் தவிர்க்க ‘ஒத்திவைப்பு ஒப்பந்தம்’ என்ற ஏற்பாடு உண்டு. மன்றம் இப்போது கட்டணத்தைச் செலுத்தி, வீட்டின்மீது அடமானம்போல் உரிமை பதிந்துகொண்டு, வீடு விற்கும்போதோ அவர் மறைந்த பின்னரோ வட்டியுடன் திரும்பப் பெறும். 2015 ஏப்ரல் முதல் தகுதியுடையோர்க்கு இதனை அளிப்பது மன்றங்களின் கடமையாகும். இது விற்பனையைத் தள்ளிவைக்குமேயன்றிக் கடனைத் தள்ளுபடி செய்யாது என்பது கருதத்தக்கது.

எழுதிக் கொடுத்தல்

வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு முன்னரே எழுதி வைத்துவிட்டால் தப்பலாமே என்ற எண்ணம் இயல்பாக எழும். பெற்றோர் சொத்தை வாழ்நாளிலேயே பிரித்துக் கொடுக்கும் வழக்கம் நம்மவர்க்கு உண்டாதலின், புலம்பெயர்ந்த குடும்பங்கள் இவ்விடத்தில் மிக்க விழிப்புடன் இருத்தல் வேண்டும். கட்டணத்தைத் தவிர்ப்பது அக்கொடையின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது என மன்றம் கருதினால், கொடுத்த சொத்தும் இன்னும் அவரிடமே இருப்பதாகக் கணக்கிடப்படும். அத்தொகையைச் சொத்தைப் பெற்றவரிடமே வசூலிக்கவும் சட்டம் இடமளிக்கிறது. ஏழாண்டு கடந்தால் கவலையில்லை என்று பலர் கூறுவது, மரபுரிமை வரிக்குரிய விதியைப் பராமரிப்புக் கட்டணத்தோடு குழப்பிக்கொள்வதாகும். இங்கே அத்தகைய கால வரம்பு ஏதுமில்லை. உடல்நலம் நன்றாயிருந்த காலத்தில், இல்லத் தேவையை எதிர்பார்க்கக் காரணமே இல்லாதபோது கொடுத்த கொடை வேறு. நோய் தொடங்கிய பின் அவசரமாக எழுதிய பத்திரம் வேறு. மன்றம் நோக்குவது நோக்கத்தையும் காலத்தையுமே.

இருவிதக் கட்டணம்

ஒரே இல்லத்தில், அடுத்தடுத்த அறைகளில், ஒரே உணவை உண்ணும் இருவர் வேறு வேறு கட்டணம் செலுத்துவதும் உண்டு. மன்றம் பலர்க்காக மொத்தமாகப் பேசி விலையைக் குறைக்கிறது. தனியாளுக்கு அவ்வலிமை இல்லை. போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2017இல் வெளியிட்ட ஆய்வு, தாமே செலுத்துவோர் அதே இல்லங்களில் மன்றத்தைக் காட்டிலும் சராசரியாக 41 விழுக்காடு மிகுதியாகச் செலுத்துவதைக் கண்டறிந்தது. அவர்தம் சராசரிக் கட்டணம் அப்போது ஆண்டுக்கு 44,000 பவுண்டை ஒட்டியிருந்தது. மன்றம் தரும் குறைந்த கட்டணத்தால் ஏற்படும் பள்ளத்தை, சேமிப்புடைய முதியோரே நிரப்பி வருகின்றனர் எனலாம்.

அவர் சேமிப்பு 23,250 பவுண்டுக்கு இறங்கியதும் மன்றம் உதவத் தொடங்கும். அப்போது வேறொரு சிக்கல் எழுகிறது. இல்லத்தின் கட்டணம் மன்றம் தர ஒப்பும் தொகையைவிட மிகுதியாயின், எஞ்சியதை உறவினர் ஒருவர் கூடுதல் தொகையாகச் செலுத்தவேண்டும்; இல்லையேல் மலிவான இல்லத்திற்கு முதியவர் மாற நேரலாம். மன்றம், கூடுதல் தொகையின்றித் தேவையை நிறைவேற்றும் இல்லம் ஒன்றையேனும் காட்டியாக வேண்டும் என்பது விதி. பழகிய முகங்களை விட்டு எண்பத்தைந்து வயதில் இடம் மாறுவது உடலுக்கே ஊறு விளைவிக்கும் என மருத்துவர் கருதின், அதனையும் மன்றம் தன் மதிப்பீட்டில் கருத்திற்கொள்ளவேண்டும்.

நிதியின் ஊற்று

சுகாதார சேவையின் பணம் பெரும்பாலும் நடுவண் அரசின் பொது வரியிலிருந்தும் தேசியக் காப்பீட்டுத் தொகையிலிருந்தும் வருவது. உள்ளாட்சி மன்றத்தின் பணமோ நடுவண் மானியம், வீட்டு வரி, முதியோர் செலுத்தும் கட்டணம் ஆகியவற்றின் கலவை. 2016 முதல் முதியோர் முதலானோர் பராமரிப்புக்கென வீட்டு வரியில் ஒரு தனிக்கூறு உயர்த்திக்கொள்ள மன்றங்களுக்கு இசைவளிக்கப்பட்டது. இதில் ஒரு முரண் உண்டு. விலை மிக்க வீடுகள் நிறைந்த செல்வப் பகுதியில் சிறு வரி உயர்வும் பெருந்தொகை தரும். அங்கே மன்றத்தின் உதவி வேண்டுவோர் குறைவு. வறிய பகுதியில் உதவி வேண்டுவோர் மிகுதி. வரி தரும் தொகையோ சிறிது. எனவே தேவை மிகுந்த இடத்தில் பணம் சுருங்கி நிற்கிறது.

தள்ளிப்போன சீர்திருத்தங்கள்

இக்குறைகளை அரசு அறியாததன்று. சர் ஸ்டூவர்ட் சதர்லாண்ட் தலைமையிலான அரச ஆணையம், உடலைப் பேணும் பணியைக் கட்டணமின்றி அளிக்கவேண்டும் என 1999இல் பரிந்துரைத்தது. இங்கிலாந்து அதனை ஏற்கவில்லை. பொருளியல் அறிஞர் ஆண்ட்ரூ டில்னாட் தலைமையிலான குழு 2011இல் வேறொரு வழி கூறியது. அறுபத்தைந்து வயதினருள் பத்தில் ஒருவர்க்குப் பராமரிப்புச் செலவு 1,00,000 பவுண்டைக் கடக்கும். அவ்வொருவர் யார் என்பதை முன்னறிய எவராலும் இயலாது. ஆகவே ஒருவர் வாழ்நாளில் செலுத்தும் பராமரிப்புச் செலவிற்கு 35,000 பவுண்டு அளவில் உச்சவரம்பு வைத்து, அதற்கு மேற்பட்டதை அரசு ஏற்கட்டும் என்பது அக்குழுவின் கருத்து.

2014ஆம் ஆண்டுச் சட்டம் உச்சவரம்புக்கு இடமளித்தது. 72,000 பவுண்டு வரம்பு 2016இல் வரும் என்றனர். 2015இல் அதனை 2020க்குத் தள்ளினர். பின்னர் அதுவும் கைவிடப்பட்டது. 2021இல் 86,000 பவுண்டு வரம்பு 2023 அக்டோபரில் வரும் என அறிவித்தனர். 2022இல் அது 2025க்குத் தள்ளப்பட்டது. 2024 ஜூலையில் புதிய அரசு அதனை நீக்கியது. 2025இல் லூயிஸ் கேசி அம்மையார் தலைமையில் மற்றோர் ஆணையம் பணி தொடங்கியது. அதன் இறுதி அறிக்கைக்கு 2028ஆம் ஆண்டு குறிக்கப்பட்டது. ஆட்சிகள் மாறினும் இந்த ஒத்திவைப்பில் மட்டும் தொடர்ச்சி காணப்படுகிறது.

பிற நாடுகள் கண்ட வழி

இக்கோடு இயற்கையின் நியதியன்று, மனிதர் வகுத்ததே என்பதற்கு அண்டை நாடுகளே சான்று. ஸ்காட்லாந்து 2002 ஜூலை முதல் அறுபத்தைந்து வயதினர்க்கு உடலைப் பேணும் பணியை வசதிச் சோதனையின்றி அளித்து வருகிறது; 2019 முதல் வயது வரம்பையும் நீக்கியது. இல்லத்தில் தங்குமிடம், உணவு ஆகியவற்றிற்கு அங்கும் கட்டணம் உண்டு. வேல்ஸ் நாடு இல்லத்தில் சேர்வோர்க்கான சொத்து எல்லையை 2019 ஏப்ரலில் 50,000 பவுண்டாக உயர்த்தியது.

கடல் கடந்து நோக்கின், ஜெர்மனி 1995இலும் ஜப்பான் 2000இலும் நெடுங்காலப் பராமரிப்பைக் கட்டாயக் காப்பீடாக்கின. ஜப்பானில் நாற்பது வயதிலிருந்து அனைவரும் காப்பீட்டுத் தொகை செலுத்துகின்றனர்; அதற்கு இணையான பங்கை வரிப்பணம் ஈடுசெய்கிறது. கவனிப்புப் பெறுவோர் அதன் செலவில் பத்து விழுக்காட்டையும், வருமானம் மிக்கோர் இருபது அல்லது முப்பது விழுக்காட்டையும் ஏற்கின்றனர். யார்க்கு எப்போது இத்துன்பம் வரும் என்பது தெரியாமையால், வருமுன் அனைவரும் சிறிது சிறிது சேர்த்து வைப்போம் என்பதே அம்முறையின் தத்துவம்.

நிறைவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், இங்கிலாந்தில் முதியவர் ஒருவரின் செலவை யார் ஏற்பது என்பதை முடிவு செய்வது அவர் படும் துன்பத்தின் அளவு மட்டுமன்று. அத்துன்பத்திற்குச் சூட்டப்படும் பெயரும் என்பது புலனாகும். 1948இல் வரையப்பட்ட கோடு, மக்கள் நெடுநாள் வாழாத காலத்திற்குப் பொருந்தியிருக்கலாம். எண்பதும் தொண்ணூறும் இயல்பான வயதாகிவிட்ட இன்றும், நோய் எங்கே முடிகிறது, முதுமை எங்கே தொடங்குகிறது என்று படுக்கையருகே நின்று அளந்துகொண்டிருப்பது அதன் குறை. முற்றிலும் இல்லாதவரை அம்முறை கைவிடுவதில்லை என்பது அதன் நிறை. அதனை மறுத்தல் நடுவுநிலை ஆகாது.

அங்கு வாழும் நம் உறவினர்க்கு இதனால் பெறப்படும் அறிவுரை சிலவே. இல்லத்தைத் தேடுமுன் மருத்துவத் தேவைக்கான மதிப்பீட்டைக் கேட்டுப் பெறுக. கேளாதார்க்கு அது தானாக வருவதில்லை. கையில் பணம் இருப்பினும் உள்ளாட்சி மன்றத்தின் தேவை மதிப்பீட்டைக் கோருக. முடிவுகளை எழுத்து வடிவில் பெறுக. வீட்டை எழுதிக் கொடுக்குமுன் சட்டம் அறிந்தோரை அணுகுக. பொருள் விளங்காத தாளில் கையொப்பமிடற்க. மொழி தெரியாத பெற்றோர்க்காகப் பேசச் செல்லும் இளைய தலைமுறையினர், ‘மருத்துவம்’, ‘பராமரிப்பு’ என்னும் இரு சொற்களின் வேறுபாட்டை அறிந்து செல்வாராயின், பெற்றோரின் உரிமையில் ஒன்றும் குறையாமல் காக்க இயலும்.